வீட்டுக்கு வந்து பரீட்சை வைக்காதீர்கள்



இது நீளமான பதிவு. இரண்டு மூன்று நாளாகப் போனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வைத்தது. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். படிக்காமலேயே "அருமை டீச்சர்" என்று கமெண்ட் போட வேண்டாம். யார் யார் அப்படிப் போடுகிறவர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைப் பற்றி நம் மரக்காணம் பக்கத்தில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். "நினைவு தப்பிப் போச்சு" என்பது ஒன்று. "புத்தி கலங்கிப் போச்சு" என்பது இன்னொன்று. "ஊமையாயிட்டாரு" என்பது மூன்றாவது. முப்பது வருடத்துக்கு மேல் சிவப்பு மைப் பேனா பிடித்த பழக்கத்தில் சொல்கிறேன், மூன்றுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

என் பெரிய அண்ணனுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நாற்பது வருடம் உப்பளத்தில் நின்ற உடம்பு. வலது கையும் காலும் விழுந்தன, கூடவே பேச்சும் போயிற்று. கால் ஓரளவு வந்துவிட்டது, கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறார். பேச்சு மட்டும் ஒற்றை ஒற்றை வார்த்தையாக, அதுவும் மெனக்கெட்டு வருகிறது. அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அண்ணியிடமும் கேட்டேன். "நல்லா எழுது, நாலு பேருக்கு உறைக்கட்டும்" என்றார்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவத்தில் இதற்கு அஃபேசியா என்று பெயர். தமிழில் பேச்சிழப்பு என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இழப்பது பேச்சை மட்டும் அல்ல, மொழியை. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வதும் இடது மூளைதான். அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதை அதிகம் பார்க்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தச் சிக்கல் வருகிறது.

உப்பளம் தெரிந்தவர்களுக்கு ஒரு உதாரணத்தில் புரிய வைக்கலாம். பெரிய பாத்தியில் தண்ணீர் நிறைய நிற்கிறது, உப்புக் காய்கிற சின்னப் பாத்திக்குப் போகிற மடை மட்டும் அடைத்துக்கொண்டது. சின்னப் பாத்தி வறண்டு கிடப்பதைப் பார்த்து "கடலே வத்திப் போச்சு" என்று யாராவது சொல்வார்களா? அண்ணன் மனசுக்குள் எல்லாம் நிற்கிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த வருடம் மழை உப்பைக் கரைத்தது, எந்தப் பிள்ளைக்கு எங்கே பெண் எடுத்தது, எல்லாம். வார்த்தைக்குப் போகிற மடைதான் அடைத்திருக்கிறது.

"பேச முடியலன்னா எழுதிக் காட்டச் சொல்லுங்களேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நோட்டும் பேனாவும் வாங்கி வந்து கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் நல்ல எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் தொண்டையில் ஆபரேஷன் ஆனவருக்குத்தான் அது உதவும். அவருக்கு மொழி உள்ளே முழுசாக இருக்கிறது, குரல்தான் இல்லை. அஃபேசியாவில் அடி வாங்கியது மொழியே. பலருக்கு எழுத்தும் படிப்பும் சேர்ந்தே போய்விடும். அண்ணன் தினம் தினத்தந்தி படித்த ஆள். இப்போதும் பேப்பரை விரித்துப் பார்ப்பார். தலைப்பில் இரண்டு மூன்று வார்த்தை பிடிபடும், மற்றதைப் படத்தை வைத்து ஊகிப்பார்.

இதை முதலில் தெளிவாகக் கண்டு சொன்னவர் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர். 1861இல் பாரிஸ் பக்கத்தில் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தவர். எதைக் கேட்டாலும் "தான்... தான்" என்று ஒரே ஓசைதான் வரும். அதனால் அவர் பெயரே தான் என்று ஆகிவிட்டது. ஆனால் மற்றவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்வார், கையைக் காட்டிப் பதில் சொல்வார், புரியவில்லை என்றால் கோபப்படுவார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது முன்பக்கத்தில் ஒரு இடம் கெட்டிருந்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர். பதின்மூன்று வருடம் கழித்து, 1874இல், ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குப் பேச்சு அருவி மாதிரி கொட்டும், ஆனால் அர்த்தம் இருக்காது. சொல் மாறும், இல்லாத சொற்கள் வரும். நாம் சொல்வதும் அவர்களுக்குச் சரியாகப் பிடிபடாது. நம் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் நேரே மந்திரவாதியிடம்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

இதில் இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மொழி நன்றாக இருக்கும், ஆனால் நாக்கு, உதடு, தொண்டைத் தசைகளுக்கு மூளையிலிருந்து வருகிற கட்டளை சரியாக வராது. பேச்சு குழறும். இதற்கு டிசார்த்ரியா என்று பெயர். பக்கவாதத்திலும் வரும், பார்க்கின்சன் நோயிலும் வரும். பார்க்கின்சன் வந்தவர்களுக்குக் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். அவர்களுக்குத் தாங்கள் மெல்லப் பேசுகிறோம் என்பதே தெரியாது, வழக்கம்போலப் பேசுவதாகத்தான் நினைப்பார்கள். உரக்கப் பேசப் பழக்குவதே அதற்கு ஒரு முக்கியமான பயிற்சி. இப்படிக் குழறிப் பேசுகிறவரைக் "காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டாரா" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள். குடி என்பதே தெரியாத ஒரு மனிதர் அந்தப் பேச்சுக்குப் பயந்து பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். அவர் என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா. அந்த மாணவன் இதைப் படிப்பான்.

இனி நான் சண்டை போட வந்த விஷயத்துக்கு வருகிறேன். உறவினர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அண்ணனைப் பார்க்க வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, நான் யாரு, சொல்லு பாப்போம்?" அடுத்தது, "எம் பேரு என்ன, சொல்லு?" அதற்கடுத்தது பக்கத்தில் இருக்கிற பொருளை எடுத்துக் காட்டி, "இது இன்னா?" சொம்பு, போன், சாவிக்கொத்து. அவர் வாயைத் திறந்து தவிப்பார். வந்தவர் அண்ணியைப் பார்த்து, அவர் காதுபடவே, "ஒண்ணும் தெரியலியே, பாவம்" என்பார். பிறகு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு அரை நாள் அண்ணன் யாரிடமும் முகம் கொடுக்க மாட்டார்.

பரீட்சை வைப்பது என் தொழில். ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று, குழந்தையின் விடை தெரியாத முகத்தை வகுப்பு முன்னால் காட்டாதே என்பது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே அந்த மரியாதை உண்டு. அறுபத்தெட்டு வயதில், பேரன் பேத்தி எடுத்த மனிதருக்கு இல்லையா? நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது என்றுகூடத் தெரியும். பெயர்தான் வராது. மூளை அடிபட்டவர்களுக்கு மிகவும் கஷ்டமான காரியங்களில் ஒன்று, கேட்டவுடன் பெயர் சொல்வது. அதையே முதல் கேள்வியாக வைத்தால் எப்படி? "அண்ணே, நான் முருக்கேரியிலிருந்து வந்திருக்கேன், உங்க சின்ன மாமன் மகன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் முகம் மலர்வதைப் பாருங்கள். அதுதான் விடை.

அவருக்குப் புத்தி இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு நாள் மாலையில் வந்து ஆடுபுலி ஆட்டம் ஆடிப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பேரன் தினமும் தோற்கிறான். அந்தப் பையன்தான் வீட்டில் அவரோடு நன்றாகப் பேசுகிறவன். அவன் கேள்வி கேட்பதில்லை. "தாத்தா, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா" என்று அவனே சொல்வான். அவர் நடுவில் ஒரு வார்த்தை போடுவார். அது தவறான வார்த்தையாக இருந்தாலும் அவன் புரிந்துகொண்டு மேலே போவான்.

தவறான வார்த்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. அஃபேசியாவில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் இடம் மாறும். நாற்காலி என்று நினைத்தால் மேசை என்று வரும். உறவு முறைகளில் இது வந்தால் வீட்டில் கலவரம்தான். அண்ணியை "அம்மா" என்றார், மகனைத் "தம்பி" என்றார், மருமகளை மகள் பெயரால் கூப்பிட்டார். மருமகள் சந்தோஷப்பட்டாள், மகளுக்குத்தான் வருத்தம். அலமாரியில் ஒரே தட்டில் வைத்த சாமான்கள் மாதிரி. இருட்டில் கை விட்டு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பது கையில் வந்துவிடுகிறது. அவர் தேடிய தட்டு சரியான தட்டுதான் என்பதைக் கவனியுங்கள்.

தமிழில் இதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மொழியில் எல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. வேற்றுமை, காலம், ஆண்பால் பெண்பால், மரியாதை, எல்லாம் விகுதியில். புரோக்கா வகைப் பேச்சிழப்பில் முதலில் உதிர்வது இந்த வால்தான். "எனக்குத் தண்ணி குடுங்க" என்பது "நா... தண்ணி... குடு" என்று வரும். அண்ணன் தன் சம்பந்தியைப் பார்த்து "வா" என்றுவிட்டார். "வாங்க" என்று சொல்லத்தான் வாய் திறந்தார், பாதிதான் வந்தது. சம்பந்தி முகம் சுருங்கிப் போயிற்று, மூன்று மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. மரியாதை குறையவில்லை ஐயா, விகுதி குறைந்தது. இலக்கணம் நடத்தியவள் என்ற முறையில் இதைச் சம்பந்தியிடம் நேரில் போய் விளக்கினேன். இப்போது வருகிறார்.

கெட்ட வார்த்தை விஷயமும் சொல்லிவிடுகிறேன், பல வீடுகளில் வெளியே சொல்லாமல் வெட்கப்படுகிறார்கள். தண்ணீர் கேட்க வார்த்தை வராதவருக்கு வசவு மட்டும் பளிச்சென்று வரும். வாழ்நாளில் அப்படிப் பேசாதவருக்கும் வரும். காரணம் இருக்கிறது. யோசித்துச் சொற்களைக் கோத்துப் பேசுவது வேறு, பழக்கத்தில் தானாக வாயில் வந்து விழுவது வேறு. எண்ணுவது, சாமி பெயர், வசவு, மனப்பாடமான பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. மூளை அவற்றை முழுக்க அதே இடது பக்க வழியில் கொண்டுவருவதில்லை. அதனால் அவை தப்பித்துவிடுகின்றன. அண்ணனுக்கு "எத்தனை மூட்டை?" என்று கேட்டால் வராது. ஆனால் அளந்து போடுகிறவர் மாதிரி "லாபம்..." என்று நான் எடுத்துக் கொடுத்தால், "ரெண்டு, மூணு, நாலு" என்று ராகத்தோடு இருபது வரை போவார். எம்.ஜி.ஆர். பாட்டு போட்டால் கூடவே பாடுவார், சொல்லும் சேர்ந்தே வரும். பாட்டின் ராகத்தையும் தாளத்தையும் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு ஏறுகிற ஒரு சிகிச்சை முறையை 1970களில் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர்கள் உருவாக்கினார்கள். எல்லோருக்கும் பலிக்காது, சிலருக்கு நன்றாக உதவுகிறது.

எம்.ஜி.ஆர். என்றதும் என் வயதுக்காரர்களுக்கு வேறொன்றும் நினைவு வரும். 1967 ஜனவரியில் சுடப்பட்டபோது குண்டு கழுத்தில் பாய்ந்து அவருடைய குரலும் உச்சரிப்பும் மாறின. அது ஒரு வகை. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் வந்து, நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இது வேறு வகை. அங்கே படுத்திருந்தபடியே டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து முதலமைச்சர் ஆனார். 1987 டிசம்பர் 24இல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். அந்த மூன்று வருடமும் அவருக்குப் பேச்சு தெளிவாக வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். அரசியல்வாதிகள் அதை வைத்துச் சண்டை போட்டார்கள், அது வேறு கதை. அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள், போடாதவர்கள் என்று நான் இங்கே பிரிக்கவில்லை. ஆனால் வாய்க்குழறல் இருந்ததால் அவர் போட்ட கையெழுத்து செல்லாது என்று ஆகிவிடவில்லை.

சரி, அண்ணன் கைநாட்டு மட்டும் ஏன் செல்லாமல் போயிற்று?

போன வருடம் மழைக்காலத்தில் அண்ணன் கணக்கிலிருந்து கொஞ்சம் பணம் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்பது வேண்டாம். கவுன்டரில் இருந்தவர், "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். வரவில்லை. "அப்பா பேரு?" வரவில்லை. ஆதார் அட்டை, பாஸ்புக், போட்டோ எல்லாம் மேசையில் இருக்கின்றன. உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என்னிடம், "இவர் சுயநினைவு இல்லாதவர், கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். மேசையை இடது கையால் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா, வயலன்ட்டா இருக்கார்" என்றார் அந்த அதிகாரி. பெயர் சொல்ல முடியாதவன் நினைவில்லாதவன், கோபப்பட்டால் பைத்தியக்காரன். ஒரு மனிதனை இரண்டு நிமிடத்தில் இவ்வளவு தூரம் கீழே இறக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் வங்கியில், தாலுகா ஆபீசில், ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை பார்க்கிற என் மாணவர்கள் குறைந்தது பதினைந்து பேர் இருப்பீர்கள். உங்களுக்காக இதைச் சட்டமாகவே சொல்கிறேன். 1995ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு தனியாக இல்லவே இல்லை, ஏழு வகைகள்தான் இருந்தன. 2016ஆம் வருடத்துச் சட்டம் அதை 21 வகைகளாக்கியது. அதில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை. அதன் விளக்கத்தில் அஃபேசியா என்ற சொல்லே இருக்கிறது. பார்க்கின்சனும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு, சொத்து வைத்துக்கொள்ளவும் தங்கள் பண விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்கிறது. பேசவில்லை என்பது வேறு, முடிவெடுக்கத் தெரியவில்லை என்பது வேறு. உங்கள் கவுன்டருக்கு இப்படி ஒருவர் வந்தால் "ஆமாம் / இல்லை" என்று பதில் சொல்லும்படி கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பாஸ்புக்கைக் காட்டி "இது உங்களோடதா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். மறுத்து அனுப்பினால் அந்த மனிதருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

அந்த "ஆமாம் / இல்லை" என்பதிலும் ஒரு எச்சரிக்கை. சிலருக்கு இரண்டும் இடம் மாறி வரும். தலையாட்டலை நம்பலாம் என்றால், நம் தமிழ்த் தலையாட்டல் உலகப் புகழ் பெற்றது, அது ஆமாமா இல்லையா என்று நமக்கே தெரியாது. புதுச்சேரியில் அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் இதைத்தான் முதலில் சரி செய்தாள். கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை. முக்கியமான விஷயமானால் கேள்வியைத் திருப்பிப் போட்டும் ஒரு முறை கேட்க வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்ளே கை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பார்களே, ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஜோடி மாடு கைமாறும். உப்பளத்தில் வெயிலில், காற்றில், தூரத்துப் பாத்தியில் நிற்பவரிடம் துண்டை வீசித்தான் சேதி சொல்வார்கள். வாய் இல்லாமல் பேசுவது நமக்குப் புதிதே இல்லை. சந்தையில் அதைச் சாமர்த்தியம் என்கிறோம், வீட்டில் பாவம் என்கிறோம்.

அண்ணனுக்காக நான் படங்கள் வைத்து ஒரு அட்டை செய்தேன். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் ராத்திரி பகலாக அட்டை வெட்டி ஒட்டிய கை இது, சும்மா இருக்குமா? ஆனால் அந்தப் பயிற்சிப் பெண் பார்த்துவிட்டு, "மேடம், ஆப்பிள், பந்து, பூனை எல்லாம் வேண்டாம், அவருக்கு எதுக்கு பந்து?" என்றாள். சரியான கேள்வி. இப்போது அட்டையில் இருப்பது அவருடைய சொந்த டம்ளர், அவருடைய வேட்டி, மாத்திரை டப்பா, மின்விசிறி, கழிப்பறைக் கதவு, அண்ணி, பிள்ளைகள், அவர் வேலை செய்த பாத்தி, எல்லாம் போனில் எடுத்த போட்டோ. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்பதற்கு ஒரு மனித உருவம். கீழே எழுதியிருப்பது "தண்ணீர்" இல்லை, "தண்ணி". பயிற்சிக்கு ஏடு போட்டுப் பேசுகிற தமிழ் உதவாது, அவர் வாயில் வளர்ந்த தமிழ்தான் வேண்டும். தமிழாசிரியை இப்படிச் சொல்கிறாளே என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இந்தப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சியாளர் என்று பெயர். அதற்கென்று நான்கு வருடப் பட்டப் படிப்பு இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் என்று மத்திய அரசு நிறுவனமே 1965லிருந்து இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் "என்ன படிக்கப் போற" என்றால் நர்சிங், பிசியோதெரபி வரை சொல்கிறார்கள், இதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பெற்றோர்களே, இதையும் விசாரித்துப் பாருங்கள்.

பயிற்சி எப்போது தொடங்கலாம்? நோயாளி நிதானத்துக்கு வந்த முதல் நாட்களிலேயே. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதற்காக "ஆறு மாசம் தாண்டிடுச்சு, இனிமே வராது" என்று கையை விடவும் கூடாது. வருடக் கணக்கில் மெல்ல மெல்ல வந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணனுக்கு இரண்டாவது வருடத்தில்தான் "வேணாம்" என்ற சொல் வந்தது. அந்த ஒரு சொல் வந்த பிறகு அவர் மனிதராகவே மாறிவிட்டார். யோசித்துப் பாருங்கள், இரண்டு வருடம் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இருப்பதை.

ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990இல் பக்கவாதம். அவருக்கும் வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. ஆனால் இடது கையால் பியானோ வாசித்தார், கவிதையும் எழுதினார். 2011இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் சொல்ல வருவதை அவர் மனைவி மோனிகா புரிந்துகொண்டு மற்றவர்களுக்குச் சொல்வார். எல்லோரும் கவிஞர் இல்லைதான், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மோனிகா இருக்கிறார், நம் பக்கத்தில் அவர் பெரும்பாலும் அண்ணியாகவோ மகளாகவோ இருக்கிறார். அவருக்கு ஓய்வு கொடுக்க யாரும் வருவதில்லை. நலம் விசாரிக்க வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, "நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வாங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால் அது ஒரு கிலோ ஆரஞ்சுப் பழத்தைவிட மேல்.

பேச்சு மாறியதே பக்கவாதத்தின் முதல் அறிகுறியாகவும் வரும். திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால் அல்லது சம்பந்தமில்லாமல் வந்தால், மணியைப் பார்த்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைப் போடவும் முடியாது. நமக்குப் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போகவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். இதில் புறா ரத்தம் தேடிக்கொண்டு, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு இருந்தால் நேரம் எங்கே இருக்கிறது? நாக்கில் வசம்பு தேய்ப்பதும், "தொண்டை வறண்டிருக்கும்" என்று வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குகிற தசையும் விழுந்திருக்கலாம், ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்த அழுத்தம். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தேக்கரண்டிகூட இல்லை. உப்பு விளைகிற ஊரில், கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர்களிடம் இதைச் சொல்கிறேன், எத்தனை பேர் கேட்பீர்கள் என்று தெரியும். பிரஷர் மாத்திரையாவது நிறுத்தாமல் போடுங்கள். "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம், நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கை கால் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். அதே வண்டியில் மாதம் ஒரு முறையாவது ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் வரட்டும். கூலி வேலைக்காரர் பக்கவாதம் வந்த ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாரம் இரண்டு முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் மாறிப் புதுச்சேரி போய் வர முடியாது. கூடப் போகிறவருக்கும் அன்றைய கூலி போகிறது. அதனால்தான் நடக்க வந்ததும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நடக்கிற ஆள் பேசாமலே கடைசி வரை இருந்துவிடுகிறார். வீட்டுக்கு வர ஆள் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைத்து வீடியோ காலிலாவது பயிற்சி கொடுக்கட்டும். கொரோனா காலத்துக்குப் பிறகு பல இடங்களில் அப்படிக் கொடுக்கிறார்கள். நம் ஊராட்சிகளில் கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கலாம். மனு எழுதித் தர நான் தயார், கையெழுத்து வாங்க உங்களில் யாராவது வாருங்கள்.

இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்க்க வரலாம் என்று நினைப்பவர்கள் தாராளமாக வாருங்கள். காலையில் பயிற்சி இருக்கிறது, மதியம் களைத்துவிடுவார், களைத்த நேரத்தில் இருக்கிற நாலு வார்த்தையும் வராது. மாலை ஐந்து மணிக்கு மேல் நல்ல நேரம். டிவியை நிறுத்திவிட்டு எதிரில் உட்காருங்கள். காது நன்றாகக் கேட்கிறது, கத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது பத்து எண்ணும் வரை பொறுங்கள், நீங்களே முடித்து வைக்காதீர்கள். புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாமல், "புரியல அண்ணே, இன்னொரு தடவை" என்று சொல்லுங்கள், அவருக்கு அதில் கோபமே இல்லை. ஆடுபுலி ஆடத் தெரிந்தவர்கள் வந்தால் இன்னும் நல்லது, பேரனுக்கு அடுத்த வாரம் பரீட்சை தொடங்குகிறது, ஆட ஆள் இல்லாமல் இருக்கிறார்.